ஏலத்தோட்டப் பாதைக்கு 200 வாட் எல்ஈடி வாங்கலாமா?

#1 — ஏலமலை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் போடி, பூப்பாறைக்கு மேலே சிறிய ஏலத்தோட்டம் இருக்கிறது. அறுவடை நாட்களில் விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடுவேன். தார்ச்சாலை முடியும் வரை தொல்லை இல்லை. தோட்டத்துக்குப் பிரியும் கடைசி நான்கு கிலோமீட்டர்தான் சோதனை: பாறை, சேறு, ஒரு பக்கம் கிடுகிடு சரிவு.

என்னுடையது பழைய டீசல் ஜீப். 7 அங்குல வட்ட விளக்கு, ஹெச்4 ஹாலஜன் பல்ப். வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்குப் போல மஞ்சளாக வழிகிறது. போன வாரம் பாதையில் உருண்டு கிடந்த கல்லைக் கண்டபோது அது டயருக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் ஒருவர் "200 வாட் எல்ஈடி பல்ப், அப்படியே மாட்டலாம், பகல் போல இருக்கும்" என்கிறார். கூடவே கூரைக்கு ஒரு நீள எல்ஈடி பாரும் போடச் சொல்கிறார். இரண்டையும் வாங்கிவிடலாமா?

#2 — புதுவண்டி

தாராளமாக வாங்குங்கள். நான் மாற்றி ஆறு மாதம் ஆகிறது, அருமையாக இருக்கிறது. எதிரில் வருகிறவர்கள் மட்டும் ஏனோ திட்டிக்கொண்டே போகிறார்கள்.

#3 — ஒயரிங் பெரியவர்

அவர்கள் ஏன் திட்டுகிறார்கள் என்று பிறகு சொல்கிறேன்.

ஏலமலை தம்பி, பணத்தைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள். முப்பது வருடமாகக் கோவையில் வண்டி ஒயரிங் பார்க்கிறேன். வெளிச்சம் குறைவு என்று வரும் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பல்ப் காரணமில்லை, பல்புக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்பதுதான் காரணம். பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், டிம்-பிரைட் சுவிட்சுக்குப் போய், இருபது வருட ஒயரில் சுற்றி முன்னால் வருவதற்குள் இளைத்துவிடுகிறது.

ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு இறங்கும். 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் காலி. ஹெச்4 பல்பின் அளவுகோலே 13.2 வோல்ட்டில்தான்: டிம்மில் 1000 லூமென், பிரைட்டில் 1650 லூமென் (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). அது உங்கள் பல்புக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மல்டிமீட்டர் இருக்கிறதா?

#4 — ஏலமலை

இருக்கிறது ஐயா. இப்போதே பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்துப் பார்த்தால் 13.8. ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் பல்ப் மாற்றலாம்தானே?

#5 — ஒயரிங் பெரியவர்

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆள் ஏறாத பாலத்தைப் பார்த்துப் பலமாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. மின்சாரம் ஓடாத ஒயரில் வோல்ட் இறங்கவே இறங்காது. துருப்பிடித்த ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 13.8 காட்டும்.

பல்பை மாட்டி விளக்கை எரியவிடுங்கள். ஹோல்டரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடுக்கில் மீட்டர் முனையைச் செருகிப் பாருங்கள். டிம்முக்கு ஒரு தடவை, பிரைட்டுக்கு ஒரு தடவை. அதோடு விடாமல், மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த் ஒயரிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் வையுங்கள். அங்கே 0.1, 0.2க்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் ஒயரைச் சந்தேகப்படும் அளவுக்கு எர்த் ஒயரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

#6 — கொழுக்குமலை ஓட்டுநர்

பெரியவர் சொல்வது சரி. நான் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். சூரிய உதயம் பார்க்கிற கூட்டத்துக்காக அதிகாலை நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். பாறைப் பாதை, அதில் பாதி நாள் பனிமூட்டம். விளக்கு விஷயத்தில் நான் செய்யாத முட்டாள்தனம் இல்லை.

கூரையில் பார் போட்டேன். கடையில் எரியவிட்டுப் பார்த்தபோது திருவிழா போல இருந்தது. மலையில் மூட்டத்துக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு எதிரே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியது போல் ஆகிவிட்டது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதால், மூட்டத்தில் பட்ட வெளிச்சம் அப்படியே கண்ணுக்குத் திரும்பி வருகிறது. மூட்டம் இல்லாத நாளில் இன்னொரு தொல்லை: பானெட் மேல் வெளிச்சம் விழுந்து பளபளக்கிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, அதற்கு அப்பால் இருக்கும் பள்ளம் தெரிவதில்லை. பதினைந்து நாளில் கழற்றிவிட்டேன். தோட்டத்துக் கொட்டகையில் இப்போது அதுதான் விளக்கு.

இப்போது என் வண்டியில் இருப்பது பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் பனிவிளக்கு மட்டும். இடது விளக்கைச் சரிவு ஓரத்தைப் பார்த்து இலேசாகத் திருப்பி வைத்திருக்கிறேன். ஓரம் தெரிந்தால் போதும், மீதியைப் பாதையே சொல்லும்.

#7 — இயற்பியல் வாத்தியார்

ஓட்டுநர் சொன்னதில் பம்பருக்குக் கீழே என்பது சரியான முடிவு. மஞ்சள் நிறம் மூட்டத்தைத் துளைக்கும் என்று பலர் நம்புவது மட்டும் தவறு. மூட்டத்தின் நீர்த்துளி சாதாரணமாகப் பத்து மைக்ரான் அளவில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் சுமார். துளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது நீலமும் மஞ்சளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். வானம் நீலமாக இருப்பதற்கான காரணத்தை மூட்டத்துக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது.

#8 — கொழுக்குமலை ஓட்டுநர்

வாத்தியார் ஐயா, துளைக்கிறது என்று நான் சொல்லவில்லை. கண் எரியவில்லை என்றுதான் சொல்கிறேன். வெள்ளை விளக்கில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நெற்றிப்பொட்டு வலிக்கிறது. மஞ்சளில் வலிப்பதில்லை.

#9 — இயற்பியல் வாத்தியார்

அதை ஒப்புக்கொள்கிறேன். நீலப் பகுதி அதிகமுள்ள ஒளி கண்ணைக் கூசவைப்பது அதிகம். மஞ்சள் வடிகட்டி அந்த நீலத்தை எடுத்துவிடுகிறது. பிரான்சில் 1936 முதல் 1993 வரை வண்டிகளின் முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. வடிகட்டியில் கொஞ்சம் வெளிச்சம் இழப்பதையும் அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆகவே ஏலமலை அவர்களே, 6000 கெல்வின், 8000 கெல்வின் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதை வெளிச்சத்தின் அளவு என்று நினைக்க வேண்டாம். அது நிறத்தின் எண். 3000 மஞ்சள், 4300 இளவெள்ளை, 6000க்கு மேல் நீலம் தட்டும். ஈரமண்ணும் கல்லும் கலந்த பாதையில் நீலவெள்ளை ஒளி எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாகக் காட்டும்.

#10 — பாலைமணல்

துபாயிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் பரமக்குடி. இங்கே வார இறுதியில் மணல்மேட்டில் ஓட்டுவோம். மூட்டம் இல்லை, புழுதி உண்டு, பாடம் ஒன்றுதான்.

உயரத்தில் வைத்த விளக்கைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன்: அது நிழலைத் தின்றுவிடும். பம்பர் உயரத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு சிறு கல்லுக்கும் பின்னால் நீளமாக நிழல் விழும், பள்ளத்தின் வாய் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் அந்த நிழல் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், தரை முழுவதும் தோசைக்கல் போலத் தட்டையாகத் தெரியும். மணல்மேட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் முன்சக்கரம் அந்தரத்தில் நின்ற பிறகு நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவர் பாரை எரியவிட்டால் முன்னால் இருப்பவருக்குக் கண்ணாடியில் சூரியன் உதிக்கும். எங்கள் குழுவில் அதற்கு அபராதம் ஒரு வேளை பிரியாணி.

#11 — ஏலமலை

பெரியவர் ஐயா சொன்னபடி பார்த்தேன். பிரைட்டில் பல்பில் 11.3 வோல்ட். எர்த் பக்கம் மட்டும் 0.9. மட்கார்டுக்குள் எர்த் ஒயரை முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். அடியில் செங்கல்பொடி போலத் துரு.

#12 — இயற்பியல் வாத்தியார்

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4 அடுக்கைப் பொறுத்து மாறும். 11.3ஐ 13.2ஆல் வகுத்து 3.4 அடுக்குக்கு உயர்த்தினால் 0.59 வருகிறது. பல்பின் வெளிச்சத்தில் 40 சதவீதத்தைத் துருவும் சுவிட்சும் தின்றிருக்கின்றன.

#13 — ஒயரிங் பெரியவர்

கையிலேயே சிக்கிவிட்டது திருடன்.

அந்த இடத்தை வாட்டர் பேப்பர் வைத்துப் பளபளவென்று தேய்த்து, ஒயர் நுனிக்குப் புதிய லக் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். அதோடு ரிலே ஒயரிங் ஒன்று போட்டுவிடுங்கள். ரிலே என்பது சிறு மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். கடையில் ஹெச்4க்குத் தயாராகவே கிடைக்கும், நீங்களே கட்டுவதானாலும் பெரிய வித்தை இல்லை. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஃப்யூஸ் வழியாக, 87இலிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் காயில் முனைகள். பழைய ஹோல்டருக்கு வந்த ஒயரை ஒன்றில் கொடுத்து மற்றதை எர்த் செய்யுங்கள். இனி உங்கள் சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயைத் தட்டிவிடும் அளவுக்கு மட்டும், பத்து ஆம்பியர் அதன் வழியாகப் போகாது. சுவிட்சும் பிழைக்கும்.

ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், பேட்டரியிலிருந்து ரிலேக்கு 4 போடுங்கள். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் உரசி உடம்பில் பட்டால் தீயை நிறுத்த ஆளில்லை. முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். இணைப்பை இடுக்கியால் நசுக்கிக் க்ரிம்ப் செய்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள். மலை ஈரத்தில் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

100/90 வாட் (பிரைட்/டிம்) ஹாலஜன் பல்ப் போடு என்று யாராவது சொல்வார்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி வழிந்ததையும், ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருகியதையும் வாரம் ஒன்று பார்க்கிறேன். சட்டப்படியும் அது தவறு. 60/55 போதும்.

இப்போது #2 நண்பருக்கு. ஹெச்4 பல்பின் இழை சில மில்லிமீட்டர் நீளம். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை உட்காரும் புள்ளியை வைத்துச் செய்தது. டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகரக் கிண்ணமும் இருக்கும், வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பதற்கு. அந்த இடத்தில் ஒரு தடிமனான எல்ஈடித் தண்டைச் செருகினால் வெளிச்சம் குழம்பிப் பாதி மரத்துக்கும் பாதி எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகிறது. உங்களுக்கு முன்னால் பத்தடி தரை மட்டும் வெள்ளையாகத் தெரிவதால் அருமையாக இருப்பதாகத் தோன்றுகிறது. ஐம்பது மீட்டருக்கு அப்பால் பழைய பல்பைவிடக் குறைவு. 200 வாட் என்பதை நம்பவும் வேண்டாம். அப்படி அட்டையில் போட்ட ஒன்றில் கிளாம்ப் மீட்டர் வைத்தேன்: 2.5 ஆம்பியர். வோல்ட்டோடு பெருக்கிப் பார்த்தால் 34 வாட்.

எல்ஈடியே கூடாது என்று சொல்லவில்லை. விளக்கு முழுவதும் எல்ஈடிக்காகவே வடிவமைத்த 7 அங்குல விளக்கு கிடைக்கிறது, அதை மாட்டினால் கணக்கு வேறு.

#14 — புதுவண்டி

அப்படி ஒரு முழு விளக்கு அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தார், அதையும் மாட்டிப் பார்த்தேன். டிம் வெளிச்சம் மேலே முடியும் வெட்டுக்கோடு அழகாக இருந்தது. ஆனாலும் திட்டு நிற்கவில்லை.

#15 — பாலைமணல்

நிற்காது. அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். வெட்டுக்கோடு வலப்பக்கம் மேலே ஏறும், ஓரத்துப் பலகையைக் காட்டுவதற்கு. நம் ஊரில் அந்தப் பக்கம்தான் எதிரே வண்டி வருகிறது. ஐரோப்பிய முத்திரை உள்ள விளக்கானால் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும் இருக்கும், அருகே அம்புக்குறியைத் தேடுங்கள். விளக்குக்கு முன்னால் நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லையென்றால் எனக்கு அனுப்பிவிடுங்கள், துபாயில் வலப்பக்கம்தான் ஓட்டுகிறோம்.

#16 — நெறியாளர்

இரண்டு குறிப்பு. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியில் செய்யும் மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும். கூடுதல் விளக்கு போடுகிறவர்கள் அதைப் படித்துவிடுங்கள், பொதுச்சாலையில் அவற்றை எரியவிடாதீர்கள். இரண்டாவது, நல்ல விளக்கு இருக்கிறது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் இரவில் நுழையும் யோசனைகளை இங்கே எழுத வேண்டாம். பந்திப்பூர் புலிகள் காப்பகச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருப்பதற்குக் காரணம் உண்டு.

#17 — கொழுக்குமலை ஓட்டுநர்

அதையொட்டி ஒன்று. பாதையில் யானை நின்றால் பிரைட் அடித்து விரட்டப் பார்க்காதீர்கள். டிம்முக்கு மாற்றி, எஞ்சினை உறுமவிடாமல் தூரமாக நில்லுங்கள். ஏலத்தோட்டப் பக்கம் யானை வரத்து உண்டென்று ஏலமலை தம்பிக்கே தெரியும்.

#18 — ஏலமலை

தெரியும் அண்ணா, போன வருடம் இருபது நிமிடம் நின்றோம்.

எர்த் சுத்தம் செய்து ரிலே போட்டுவிட்டேன். பல்பில் இப்போது 13.3. அதே பழைய பல்ப், ஆனால் வெள்ளையாக எரிகிறது. எல்ஈடி வாங்க வைத்திருந்த பணத்தில் இரண்டு மஞ்சள் பனிவிளக்கு வாங்கிப் பம்பருக்குக் கீழே போட்டேன், மீதிப் பணம் கையில் இருக்கிறது.

புதிய கேள்வி: தோட்டத்துக்கு முன்னால் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும், தண்ணீர் பம்பர் வரை வரும். ஐபி67 என்று எழுதிய பனிவிளக்குதான். இரண்டாம் நாளே இடது விளக்குக்குள் நீர் கோத்துவிட்டது. விற்றவர் மாற்றித் தர மறுக்கிறார்.

#19 — ஒயரிங் பெரியவர்

ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை, அறைக்குள் அமைதியாக நடப்பது. நீங்கள் செய்தது வேறு. ஒரு மணி நேரம் எரிந்து சூடான விளக்கைக் குளிர்ந்த ஓடைக்குள் முக்கினீர்கள். உள்ளே இருந்த சூடான காற்று சட்டென்று சுருங்கும்போது எந்த இடுக்கு இருந்தாலும் அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓடைக்கு முன்னால் பனிவிளக்கை அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். எப்படியும் அங்கே இறங்கி ஆழம் பார்க்கத்தானே போகிறீர்கள்.

விளக்கின் பின்புறம் காற்றுப் போக ஒரு சிறு துளையோ சவ்வோ இருக்கும். தண்ணீர் புகுகிறதே என்று அதில் சிலிகான் பசை அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் காற்று சீல் வழியாக வழி தேடும், பிறகு நிரந்தரமாக ஒழுகும். இப்போது உள்ளே இருக்கும் நீரை வடித்து, முடி உலர்த்தும் கருவியை இளஞ்சூட்டில் வைத்துக் காட்டுங்கள். ஒயர் இணைப்பில் சிலிகான் கிரீஸ் வையுங்கள். காலையில் இலேசாக ஆவி படிந்து அரை மணியில் மறைந்தால் அது நோய் இல்லை.

#20 — பாலைமணல்

சேறு காய்ந்த பிறகு துணியால் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிக் முகப்பில் ஒவ்வொரு மணலும் ஓர் ஊசி. பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கொஞ்ச நாளில் மயிரிழை போல விரிசல் ஓடும். மங்கிப்போன முகப்பை 800, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் ஈரத்தோடு தேய்த்து பாலிஷ் போட்டால் தெளியும். ஆனால் மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும். பற்பசை வைத்தியமும் இப்படித்தான், இன்னும் சீக்கிரம். உங்கள் பழைய வட்ட விளக்கு கண்ணாடி முகப்பென்றால் கொடுத்துவைத்தவர், கல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

#21 — கொழுக்குமலை ஓட்டுநர்

மட்டம் பார்த்தீர்களா தம்பி? விளக்கைத் தொட்ட பிறகு மட்டம் பார்க்காமல் மலை ஏறாதீர்கள். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் சுண்ணாம்பில் குறித்துக்கொள்ளுங்கள். டிம்மின் வெட்டுக்கோடு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

#22 — ஏலமலை

நேற்று ரேஷன் கடைச் சுவரில் வைத்துச் சரியாக 10 சென்டிமீட்டர் பிடித்துவிட்டேன் அண்ணா. காலையில் கல் கல்லாகத் தெரியும் என்று ஆசையோடு கிளம்பினேன். டிம்மில்தான் போனேன், ஆனாலும் போடிமெட்டு ஏற்றத்தில் எதிரே வந்த லாரிக்காரர் மூன்று தடவை பிரைட் அடித்துக் காட்டினார்.

#23 — கொழுக்குமலை ஓட்டுநர்

சுவரில் பார்த்தபோது பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?

#24 — ஏலமலை

யாருமில்லை. காலையில் எட்டுப் பேர், கூடவே இரண்டு மூட்டை உரம்.

திருப்புளியை எடுத்துவிட்டேன். நாளை நாலரை மணிக்கு எல்லோரையும் ரேஷன் கடைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்; ஏற்றிவைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கப் போகிறேன். எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.